கொல்லைப்புறத்து உலைக்களம்

புதுப்பேட்டையில் பழைய வாகனங்களைப் பிரித்துப் பாகம் பாகமாக விற்கும் கடைகளின் முன்னால், எண்ணெய்க் கறை ஏறிய தரையில், லாரியிலிருந்து கழற்றிய பிரேக் டிரம்களும் வளைந்த ஸ்பிரிங் பட்டைகளும் குவிந்து கிடக்கும். வண்டிக்காரருக்கு அவை மாற்றுப் பாகங்கள். காயலான் கடைக்காரருக்கு எடைபோட்டு விற்கும் பழைய இரும்பு. ஆனால் இரும்பைக் காய்ச்சி அடிக்கும் வேலையைப் பிழைப்புக்காக அல்லாமல், அதன்மேல் கொண்ட பிரியத்தினாலேயே பழகத் தொடங்கிய ஒருவர் அங்கே போய் நின்றால், நடுவே குழிந்த அந்த டிரம்மிலே ஓர் உலையையும், துருப்பிடித்த அந்தப் பட்டையிலே தலைமுறைக்கு உழைக்கக்கூடிய ஒரு கத்தியையும் அவர் கண்டுகொள்வார். மயிலாப்பூர், மந்தைவெளி, தியாகராய நகர், அடையாறு முதலிய பகுதிகளில், அடுக்குமாடிகள் எழும்பியது போக மிஞ்சியிருக்கும் தனி வீடுகளின் பின்கட்டில், கிணற்றடிக்கும் மதிலுக்கும் இடையே உள்ள பத்தடி நிலத்தில், அப்படி ஓர் உலையை அமைத்துக்கொள்வது சாத்தியமே. எப்படிச் சாத்தியம், எதைக் கவனிக்க வேண்டும், யாரிடம் போய்ப் பாடம் கேட்க வேண்டும் என்பவற்றைச் சற்று விஸ்தாரமாகவே சொல்ல விரும்புகிறேன்.

மேல்நாடுகளில் இந்தப் பழக்கம் புத்துயிர் பெற்ற வரலாறு அதிகப் பழமையானதன்று. இயந்திர உற்பத்தி பெருகியபின் அமெரிக்கக் கிராமங்களில் கொல்லர் உலைகள் ஒவ்வொன்றாக அவிந்துபோயின. 1969-ல் அலெக்ஸ் பீலர் என்பவர் அந்தத் தொழில்முறைகளைத் திரட்டி ஒரு நூலாக எழுதினார். 1973-ல் ஜார்ஜியா மாநிலத்தில் கூடிய சிலர் வட அமெரிக்கக் கலைக் கொல்லர் சங்கத்தைத் தொடங்கினார்கள். அதன்பின் அங்கே வக்கீல்களும் ஆசிரியர்களும்கூட வாகனக் கொட்டகைகளில் பட்டடை போட்டுச் சம்மட்டி பிடிக்கலானார்கள். அங்கே அறுந்துபோன பரம்பரையை அவர்கள் ஏட்டிலிருந்து மீட்டெடுக்க வேண்டியிருந்தது. நம் நிலைமை அப்படியன்று. இந்த மாநிலத்தில் கொல்லர் பரம்பரை மெலிந்திருக்கிறதே தவிர அறுந்துவிடவில்லை; சிவகங்கைப் பக்கத்துத் திருப்பாச்சேத்தியில் இன்றும் அரிவாள் அடிக்கிறார்கள். ஆகையால் நம்மவர் இந்தக் கலையை மேல்நாட்டுப் புத்தகங்களையும் படக்காட்சிகளையும் மட்டுமே பார்த்துக் கற்றுக்கொள்ள முயல்வது, ஆசிரியர் வீட்டிலேயே இருக்கும்போது தபாலில் பாடம் கேட்பதற்கு ஒப்பாகும் என்பது என் உறுதியான அபிப்ராயம்.

முதலில் இடத்தைப் பார்ப்போம். சென்னையில் வெயிலையும் மழையையும் தடுக்க ஒரு கூரை அவசியம். ஆனால் அது தென்னங்கீற்றாக இருக்கலாகாது. நான்கு இரும்புக் குழாய்களை நட்டுத் தகரம் வேய்ந்து, குறைந்தது மூன்று பக்கங்களைத் திறந்து விட்டால், புகையும், புகையைவிட அபாயகரமாகக் கண்ணுக்குத் தெரியாமல் கரிநெருப்பிலிருந்து எழும் கார்பன் மோனாக்சைடு வாயுவும் காற்றோடு போய்விடும். தரை மண்ணாக இருப்பதே உத்தமம். சிமெண்டுத் தரையில் பழுத்த இரும்பு விழுந்தால், உள்ளே தங்கியிருக்கும் ஈரம் ஆவியாகி விரிந்து, தரையின் மேற்பரப்பைத் தெறிக்கச் செய்யும்.

பிரேக் டிரம்மின் அடியிலுள்ள நடுத்துளையில் ஓர் இரும்புக் குழாயை இணைத்து, அதன் வாயில் துளையிட்ட கனத்த தகடொன்றை வைத்து, உட்புறத்தில் களிமண்ணும் மணலும் பிசைந்து பூசி உலர்த்திவிட்டால் உலை ஆயத்தமாகிவிடும். களிமண்ணுக்குப் பதிலாகப் புற்றுமண் கிடைத்தால் இன்னும் நல்லது. உலை மெழுகுவதற்கு நம் கைவினைஞர்கள் நெடுங்காலமாக அதை நாடி வந்திருக்கிறார்கள். குழாய் வாங்கும்போது ஓர் எச்சரிக்கை. தண்ணீர்க் குழாயாகப் பயன்படும் வெள்ளைப் பூச்சுள்ள ஜி.ஐ. குழாயை நெருப்பின் அருகே கொண்டுவரவே கூடாது. அதன்மேல் பூசியிருக்கும் துத்தநாகம் 907 டிகிரியில் கொதித்துப் புகையாகி, அதைச் சுவாசித்தவருக்குக் குளிர்காய்ச்சலை உண்டாக்கும். காற்றுக்கு முற்காலத்தில் ஆட்டுத்தோல் துருத்தி. இப்போது கையால் சுற்றும் விசிறியோ, சிறிய மின்சார புளோயரோ போதும். கைவிசிறிக்கு ஒரு குணமுண்டு: சுற்றும் கை ஓய்ந்தால் நெருப்பும் தணிந்துவிடும். புதிதாகப் பழகுகிறவர் கவனம் சிதறும் சமயத்தில் இரும்பு எரிந்துபோகாமல் காப்பது அந்தக் குணமே.

எரிபொருளுக்கு நிலக்கரி தேடி அலைய வேண்டியதில்லை. தள்ளுவண்டி இஸ்திரிக்காரருக்கும் டீக்கடைக்கும் கரி விற்கிற அதே மண்டியில் கிடைக்கும் கட்டைக்கரி நன்றாகவே வேலை செய்கிறது. இராமநாதபுரம், சிவகங்கைச் சீமைகளில் சீமைக் கருவேல மரத்தை மூட்டம் போட்டு எடுத்த கரி கனமானது, நின்று எரியும், கந்தகம் இல்லாமையால் இரும்பைக் கெடுக்காது. சமையல் வாயுவால் இயங்கும் உலைகளும் உண்டு. ஆனால் வீட்டு உபயோகத்துக்கென்று தரப்படும் சிலிண்டரை இதற்கு எடுப்பது சட்டவிரோதம். வணிகச் சிலிண்டர்தான் வாங்க வேண்டும்.

அடுத்தது பட்டடை. வார்ப்புப் பட்டடைகள் விலை அதிகம். ஆதலால் தண்டவாளத் துண்டையே பெரும்பாலோர் நாடுகிறார்கள். நம் ரயில் பாதைகளில் மீட்டருக்கு 52 கிலோவும் 60 கிலோவும் எடையுள்ள தண்டவாளங்கள் இடப்பட்டிருக்கின்றன. 52 கிலோ வகையில் ஓரடித் துண்டே ஏறக்குறைய 16 கிலோ இருக்கும். அதைப் படுக்கவைத்து அடிப்பதைவிடச் செங்குத்தாக நிறுத்தி, மேல்முகத்தை இழைத்துச் சமமாக்கி அதில் அடித்தால், சுத்தியலின் நேர்கீழே முழு எடையும் நிற்பதால் அடி வீணாகாது. தண்டவாளத்தை எங்கே வாங்குகிறோம் என்பதிலும் ஜாக்கிரதை வேண்டும். ரயில்வேக்குச் சொந்தமான பொருளைச் சட்டவிரோதமாக வைத்திருப்பது 1966-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி தண்டனைக்குரிய குற்றம். ஏலத்தில் எடுத்த வியாபாரியிடம் ரசீதோடு வாங்கி, அந்த ரசீதைப் பத்திரமாக வைத்துக்கொள்ள வேண்டும்.

பட்டடையைத் தாங்கும் அடிமரத்துக்குப் புளியங்கட்டையைப் போல் வேறில்லை. இறைச்சிக் கடைக்காரர்கள் வெட்டுமணையாக அதைத் தேர்ந்தது காரணமில்லாமலன்று; எத்தனை அடி பட்டாலும் அது பிளக்காது. 2016 டிசம்பரில் வர்தா புயல் நகரத்து மரங்களை ஆயிரக்கணக்கில் சாய்த்தபோது, அறுத்துப் போட்ட அடிமரங்கள் தெருவெல்லாம் கிடந்தன. வேப்பங்கட்டையும் தூங்குமூஞ்சிக் கட்டையும் இந்த வேலைக்கு ஒத்துவரும். நிமிர்ந்து நின்று கையைத் தொங்கவிட்டு முஷ்டி பிடித்தால் விரல்முட்டி எந்த உயரத்தில் வருகிறதோ, அந்த உயரத்தில் பட்டடையின் முகம் அமைய வேண்டும். தாழ்ந்தால் முதுகு நோகும், உயர்ந்தால் தோள் நோகும்.

இவ்வளவும் வெளிக்கருவிகள். உண்மையான உபகரணம் கண். காய்ந்த இரும்பு தன் உஷ்ணத்தை வர்ணத்தாலேயே தெரிவிக்கிறது. 600 டிகிரிக்குச் சற்று முன்பின்னாக, இருட்டில் மட்டும் தெரியும் மங்கலான சிவப்பு, 750-ஐ நெருங்கும்போது பழுத்த சிவப்பு, 950 அளவில் ஆரஞ்சு, 1100-ல் மஞ்சள், அதற்கும் மேலே வெண்மை, அங்கிருந்து பொறிகள் பூத்துச் சிதறத் தொடங்கினால் இரும்பு எரிந்துகொண்டிருக்கிறது என்று பொருள், பிறகு அதைக் காப்பாற்ற வழியில்லை. ஆரஞ்சிலும் மஞ்சளிலும் அடித்தால் இரும்பு இணங்கி வழிவிடும். சிவப்பு அவிந்த பிறகும் ஆத்திரத்தோடு அடித்தால் மேலே வடிவம் மாறுவதுபோல் தோன்றி உள்ளே விரிசல் விடும். சென்னையின் நடுப்பகல் வெயிலில் இந்த வர்ணங்களை வேறு பிரித்தறிவது கடினம். மஞ்சளைச் சிவப்பென்று மயங்கி மேலும் மேலும் காய்ச்சிவிடுவோம். கொல்லர் உலைகள் எப்போதும் அரையிருளில் இருப்பதன் காரணம் இதுவே. அதை வறுமையின் அடையாளமாகப் பார்ப்பது அறியாமை. கொல்லைப்புறத்துக் கூரையின் மேற்குப் பக்கத்தை ஒரு தகரத்தால் மறைத்துவிட்டால், மாலை நான்கு மணிக்கும் வர்ணம் தெளிவாகத் தெரியும்.

எல்லா இரும்பும் ஒன்றல்ல என்பதையும் இங்கே சொல்லியாக வேண்டும். இரும்போடு கலந்துள்ள கார்பனின் அளவுதான் அதன் ஸ்வபாவத்தை நிர்ணயிக்கிறது. நகரத்தில் வீடு கட்டுமிடமெல்லாம் இறைந்து கிடக்கும் டி.எம்.டி. முறுக்குக் கம்பியைக் கண்டு, இதிலே கத்தி அடித்தால் என்ன என்று புதியவர்களுக்குத் தோன்றும். அந்தக் கம்பியில் கார்பன் நூற்றுக்கு 0.3-ஐத் தாண்டாது, எப்படித் தோய்த்தாலும் வெட்டும் கூர்மை அதில் நிற்காது, ஆலையில் நீர்பாய்ச்சிக் கெட்டிப்படுத்திய அதன் மேல்தோலும் நம் உலையில் காய்ந்ததும் போய்விடும். கொக்கி, ஆணி, சட்டுவக் கரண்டி, விளக்குத் தண்டு முதலியவற்றுக்குச் சாதாரண மெல்லிரும்புக் கம்பியே ஏற்றது. வெட்டும் கருவிக்கு லாரி ஸ்பிரிங் பட்டை. அதில் கார்பன் நூற்றுக்கு 0.5 முதல் 0.6 வரை உண்டு. தென்மாவட்டத்து அரிவாள்கள் அந்தப் பட்டையிலிருந்தே பிறக்கின்றன.

பழகுகிறவர் முதலில் செய்ய வேண்டியது சுவரில் அறையும் ஒரு கொக்கி. கேட்க எளிது. ஆனால் பத்து மில்லிமீட்டர்க் கம்பி ஒன்றின் நுனியைக் காய்ச்சி, முதலில் சதுரமாக அடித்து, பின் எட்டுப் பட்டையாக்கி, அதன் பிறகே உருட்டிக் கூர்மையாக்க வேண்டும் என்ற வரிசையை மீறி, நேரே உருண்டையாகவே அடிக்க முற்பட்டால், நுனியின் நடுவே இரும்பு பிளந்து குழலாகிவிடும் என்பதை அந்தக் கொக்கி கற்றுக்கொடுக்கிறது. கம்பியைச் சுழற்றிக்கொண்டே அடிப்பது, சுத்தியலை மணிக்கட்டால் அல்லாமல் முழங்கையால் தூக்குவது, அடித்த அடியின் எதிர்வீச்சைக் கொண்டே அடுத்த அடிக்குச் சுத்தியலை உயர்த்துவது, மேலே படரும் கறுப்புச் செதிலை அவ்வப்போது தட்டி உதிர்ப்பது ஆகிய எல்லாமே அந்தச் சிறு பொருளில் அடங்கியிருக்கின்றன. கத்தி அடிக்க அவசரப்படுகிறவர்களுக்கு நான் சொல்வது, கொக்கிகளையே பல வாரம் அடியுங்கள் என்பதுதான்.

கத்தி அடிக்கும் நாள் வரும்போது தோய்ச்சல் என்ற கட்டம் வருகிறது. இந்தத் தொழிலில் அதைவிட அற்புதமான கணம் இல்லை. எஃகு 727 டிகிரியைக் கடந்ததும் அதன் அணுக்கள் தங்கள் அடுக்கை மாற்றிக்கொண்டு, அதுவரை தனித்து நின்ற கார்பனைத் தம்முள் கரைத்துக்கொள்கின்றன. 770 டிகிரியில் இரும்பு காந்தத்தால் இழுக்கப்படும் குணத்தை இழக்கிறது. ஆகவே ஒரு சிறு காந்தத்தைக் கம்பியில் கட்டி வைத்துக்கொண்டு, காய்ந்த கத்தியை அதன் அருகே காட்டி, ஒட்டாத நிலை வந்தபின் இன்னும் சற்றுக் காய்ச்சி எண்ணெயில் அமிழ்த்தினால், கரைந்த கார்பன் வெளியேற அவகாசமின்றி உள்ளேயே சிறைப்பட்டு, எஃகை மிகக் கடினமாக்குகிறது. கடினம் மட்டுமன்று, நொறுங்கும் தன்மையும் கூடவே வந்துவிடும். அந்த நிலையில் கைதவறித் தரையில் விழுந்தால் கத்தி உடைந்துபோகும். ஆதலால் அதை மீண்டும் மிதமாகச் சூடேற்றித் தணிக்க வேண்டும். சாணை பிடித்துப் பளபளப்பாக்கிய முகத்தில் அப்போது வர்ணங்கள் ஒன்றன்பின் ஒன்றாக ஊர்ந்து வருகின்றன: 220 டிகிரியை ஒட்டி வைக்கோல் மஞ்சள், 250-ல் பழுப்பு, 280-ல் ஊதா, 300-ல் நீலம். காய்கறி நறுக்கும் கத்தியானால் மஞ்சளோடு நிறுத்தலாம். தேங்காய் உடைக்கும் வெட்டரிவாளானால் ஊதாவரை விட வேண்டும். வெப்பமானி என்ற சாதனம் தோன்றுவதற்கு எத்தனையோ நூற்றாண்டுகளுக்கு முன்பே, இந்த நுட்பங்களையெல்லாம் கண்ணால் மட்டுமே அளந்து தலைமுறை தலைமுறையாகக் கைமாற்றிக் கொடுத்தவர்கள் நம் ஊர்க் கொல்லர்கள்.

அவர்களுடைய பழமையை அறிய வேண்டுமானால் எழும்பூர் அருங்காட்சியகத்துக்குப் போய், ஆதிச்சநல்லூரில் அலெக்சாண்டர் ரீ 1899 முதல் 1905 வரை தோண்டியெடுத்த இரும்புப் பொருள்களைப் பார்க்கலாம். வாளும் ஈட்டியும் மட்டுமல்ல, மண்வெட்டியும் அங்கே உண்டு. அடித்து நீட்டிய இடத்தையும் மடித்த இடத்தையும் இரண்டொரு மாதம் சுத்தியல் பிடித்தவரின் கண் அடையாளம் கண்டுகொள்ளும். சுத்தியல் பிடிக்காதவருக்கு அவை துருவேறிய துண்டுகள். கிருஷ்ணகிரி மாவட்டத்து மயிலாடும்பாறையில் கிடைத்த இரும்பின் காலம் கி.மு. 2172 என 2022-ல் அறிவிக்கப்பட்டது, சிவகளைக்கு கி.மு. 3345 என்ற கணிப்பை 2025 ஜனவரியில் தமிழக அரசு வெளியிட்டது. இந்தப் பின்னைய கணிப்பைப் பற்றி அறிஞர்கள் இன்னும் விவாதித்து வருகிறார்கள். குறுந்தொகையில் கச்சிப்பேட்டு நன்னாகையாரின் பாட்டொன்றில், ஏழு ஊர்களுக்குப் பொதுவாக ஓர் ஊரில் அமைந்த உலையின் ஓய்வற்ற துருத்தி உவமையாக வருகிறது. அந்நாளில் ஒரு கொல்லரின் கைவேலை எத்தனை பேருக்குத் தேவைப்பட்டது என்பதை அது பிரத்தியட்சமாகக் காட்டுகிறது. மூசையில் உருக்கிய தென்னாட்டு எஃகின் ரகசியத்தை அறிய, மைக்கேல் பாரடே போன்ற மேதையே 1819-ல் லண்டனில் ஆராய்ச்சி தொடங்கினார் என்பதும் நினைக்கத்தக்கது.

இத்தகைய பரம்பரையின் வாரிசுகள் இன்று எப்படி மதிக்கப்படுகிறார்கள்? நெடுஞ்சாலை ஓரத்தில் வடநாட்டு லோஹார் குடும்பங்கள் சிறு உலை மூட்டி, கணவன் குறடு பிடிக்க மனைவி சம்மட்டி ஓங்கிக் கோடரி செய்து விற்கின்றன. பேரம் பேசி அவர்கள் சொன்ன விலையில் பாதிக்குக் கேட்கும் நாம், அந்தப் பெண்மணியின் அடி ஒவ்வொன்றும் குறித்த இடத்திலேயே விழுவதைக் கவனிப்பதில்லை. பொறியியல் கல்லூரிகளின் முதலாண்டுப் பாடத்திட்டத்திலே கொல்லுலை வேலை இருந்து வந்திருக்கிறது. கம்பியின் தலையைப் பருக்க அடித்து அறுகோணத் தலையுள்ள ஒரு போல்ட்டைச் செய்து காட்டுவது அதில் ஓர் உதாரணம். காட்டுவார்கள், மாணவர் பார்ப்பார்கள், அதோடு சரி. உலோகத்தைக் கையால் வசப்படுத்தும் ஆசை இந்நகரத்துக்குப் புதிதுமன்று. 1966-ல் கே.சி.எஸ். பணிக்கர் முதலியோர் ஈஞ்சம்பாக்கத்தில் சோழமண்டலம் கலைக்கிராமத்தை உருவாக்கியபோது, பி.வி. ஜானகிராம் செம்புத் தகட்டை அடித்தும் பற்றவைத்தும் சிற்பங்கள் படைத்தார்; பின்னர் எஸ். நந்தகோபாலும் உலோகத்திலேயே தம் கலையை வளர்த்தார்.

அக்கம்பக்கத்தாரைப் பற்றி மறவாமல் சொல்ல வேண்டும். குடியிருப்புப் பகுதியில் பகலில் 55 டெசிபல், இரவில் 45 டெசிபல் என்று 2000-ஆம் ஆண்டு விதிகள் ஒலிக்கு வரம்பிட்டிருக்கின்றன. பட்டடையின் கணீரென்ற நாதம் அருகிலே அதை எளிதில் மீறும். தண்டவாளத் துண்டைக் கட்டையில் குழிவெட்டி மணலில் பதித்து, கழுத்தில் கனமான சங்கிலியைச் சுற்றிவிட்டால் நாதம் பெரும்பகுதி அடங்கும். குழந்தைகள் பரீட்சைக்குப் படிக்கும் காலத்தில் உலை மூட்டாமலிருப்பது சட்டம் சொல்லாவிட்டாலும் நியாயம். நூலுடை, மூடிய செருப்பு, கண்ணாடி, பக்கத்தில் ஒரு வாளித் தண்ணீர், ஒரு வாளி மணல் இவையின்றி நெருப்பருகே போகலாகாது. செயற்கை நூலுடை பொறிபட்டதும் உருகித் தோலோடு ஒட்டிக்கொள்ளும். 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தையும் அறிந்திருக்க வேண்டும்; ஒன்பது அங்குலத்துக்கு மேல் நீண்ட, அல்லது இரண்டு அங்குலத்துக்கு மேல் அகன்ற அலகுடைய கத்தி, வீட்டு வேலைக்கோ விவசாயத்துக்கோ ஆன கருவியாக இல்லாவிட்டால், அந்தச் சட்டத்தின் எல்லைக்குள் வந்துவிடும். வாள் செய்யும் ஆசையை விட்டுவிட்டு அரிவாள்மணை அலகும் களைக்கொத்தும் செய்வதே உசிதம். கடலை ஒட்டிய மயிலாப்பூரிலும் அடையாற்றிலும் உப்புக் காற்று சில நாட்களிலேயே இரும்பைத் துருவேற்றும். செய்து முடித்த பொருளைக் கைபொறுக்காத சூட்டில் இருக்கும்போதே தேன்மெழுகால் துடைத்து வைத்தால் மழைக்காலத்தையும் தாண்டும்.

கிண்டிப் பொறியியல் கல்லூரியிலும் ஐ.ஐ.டி.யிலும் விசாலமான பட்டறைகள் இருக்கின்றன; பெரியமேட்டுக் கவின்கலைக் கல்லூரியில் 1850-லேயே அலெக்சாண்டர் ஹண்டர் தொடங்கிவைத்த கைத்தொழில் மரபு இருக்கிறது. இவற்றில் ஏதேனும் ஒன்று ஞாயிறுதோறும் இரண்டு உலைகளைப் பொதுமக்களுக்குத் திறந்துவிட்டு, திருப்பாச்சேத்தியிலிருந்து ஒரு கொல்லரை ஆசிரியராகவே அழைத்து, போக்குவரத்துச் செலவும் தங்குமிடமும் தந்து, ஒரு கௌரவ விரிவுரையாளருக்குக் கொடுக்கும் சம்பளத்தையே அவருக்கும் கொடுக்குமானால், கொல்லைப்புறத்தில் தனியே தடுமாறிக்கொண்டிருப்பவர்கள் கட்டணம் செலுத்தியே வந்து கற்பார்கள். அதுவரை, விருப்பமுள்ளவர்கள் ஊருக்குப் போகும் வழியில் ஓர் உலைக்களத்தைத் தேடிப் போய், ஒருநாள் கூலியை முன்னதாகவே கொடுத்துவிட்டு, துருத்தி சுற்றும் வேலையைக் கேட்டு வாங்கிக்கொள்ளலாம்.